போலந்துக்காரர் பங்கு மீன்

காரைக்கால்மேட்டு மீன் ஏலக்கூடத்தின் கிழட்டுக் கம்ப்யூட்டர் பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பைத்தான் தாங்கும். அதில் ஏலக்கணக்கு மென்பொருளை எழுதிய ரிஃபானா, அது நம்பியிருக்கும், பிறர் எழுதிய லைப்ரரி நிரல்களில் பாதுகாப்பு ஓட்டை உண்டா என்று பார்க்க இணையத்தில் கிடைத்த ஒரு சோதனைக் கருவியை ஓட்டினாள். ‘இவ்வளவு பழைய பதிப்பு ஆகாது’ என்று அது முகத்திலடித்தாற்போல் மறுத்தது. எரிச்சலில் அதை உருவாக்கியவருக்கே சூடாக எழுதினாள். போலந்திலிருக்கும் அந்த முன்பின் தெரியாத மனிதர் கோபப்படாமல் பழைய பதிப்புக்கும் வழி செய்து கொடுத்தார். ஓட்டை அகப்பட்டது, அடைத்தாள்.

கைகொடுத்தவர்களுக்கு ஏலத்துக்கு முன்பே மீன் ஒதுக்குவது ஏலக்காரர் கார்த்திகேசனின் வழக்கம். விஷயத்தைக் கேட்டவர் சங்கரா மீனை இரண்டு பைகளில் போட்டார்.

“ஒண்ணு ஒனக்கு, ஒண்ணு அவருக்கு.”

“அவரு போலந்துல இருக்காருண்ணே!”

“இருக்கட்டும்மா. அவரு பங்க நான் ஏலத்துல விடமாட்டேன். நீயே ஆக்கிச் சாப்புட்டு, கொழம்பு எப்படி இருந்துச்சுன்னு அவருக்கு எழுது.”