மீனுக்கு மேல் ஒரு விலை

விடியற்காலை ஏரித் தண்ணீர் இடுப்புவரை குளிர்ந்தது. தலையில் பேசினோடு அவூர் படகுகளை நோக்கி நடந்தாள். காலடியில் சேறு வழுக்கியது. கென்யாவின் கிசுமு நகரத்தை ஒட்டிய அந்த விக்டோரியா ஏரிக்கரையில் அவளோடு சேர்த்து இருபது பெண்கள். இரவெல்லாம் விளக்கு வைத்துப் பிடித்த ஒமெனா, விரல் நீளப் பொடிமீன், படகு நிறையக் கிடந்தது. வெயில் ஏறுமுன் பரப்பிக் காயவைக்காவிட்டால் நாறிவிடும். பரப்புவதும் புரட்டுவதும் சந்தைக்குச் சுமப்பதும் பெண்கள் பாடு.

படகுக்காரன் ஒகெலோ விளிம்பில் உட்கார்ந்திருந்தான். அவூர் காசை நீட்டினாள்.

"காசு கெடக்கட்டும். சாயங்காலம் குடிசைக்கு வர்றியா?"

அந்தக் கரையில் இது வழக்கம். ஜபோயா என்று அதற்கு ஒரு பேர் வேறு! மீனுக்குக் காசும் கொடுக்க வேண்டும், உடம்பும் கொடுக்க வேண்டும்.

"போன வாரம் ஆணுறை போடச் சொன்னதுக்குத்தானே மீன் இல்லன்னு வெரட்டுன?"

"மிட்டாயக் காகிதத்தோட எவனாவது தின்பானா?" படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நீ ஆரஞ்சத் தோலோடதான் முழுங்குவியா?"

இப்போது பெண்கள் சிரித்தார்கள். ஒகெலோவுக்குச் சுருக்கென்றது.

"உனக்கு மீன் கெடையாது, போ. பின்னாடி பத்துப் பேரு நிக்கிறாளுக."

அந்தப் பத்துப் பேரில் அப்போண்டியும் நின்றாள். மூன்று வருடம் ஒகெலோவிடம் மீன் எடுத்தவள். மார்ச்சில் அவளுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. மாத்திரை சாப்பிட்டுத் தேறி வேலைக்கு வந்துவிட்டாள். அவன் மட்டும் இன்னும் சோதனைப் பக்கமே போகவில்லை. வாரா வாரம் நர்ஸ் வந்து பெண்களை உட்காரவைத்து ஆணுறைப் பாடம் நடத்துகிறார். பெண்களுக்கு அது மனப்பாடம். மீன் அவன் கையில் இருக்கும்போது படித்த பாடம் எந்த அடுப்பில் வேகும்?

 அவூர் நேற்றே வீட்டில் உலை வைக்கவில்லை. கரைக்கு வந்தாள், பேசினைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

"நான் எடுக்கல. மீன அவனே காயவைக்கட்டும்!"

அப்போண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக இருபது பேரும்.

"பசிச்சா தானா எந்திரிச்சு வருவாளுக," என்றான் ஒகெலோ.

எந்தப் படகுக்கும் யாரும் வரவில்லை. வெயில் ஏறியது. மீன்மேல் ஈ மொய்த்தது.  ஒகெலோ கூட்டத்திலேயே அதிகம் நொந்தவளைத் தேடிப் பிடித்தான்.

"அஜ்வாங், நீ வாம்மா. உங்கிட்ட இன்னைக்கு எதுவும் கேக்கல."

அஜ்வாங் பேசினை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான்கு பிள்ளைக்காரி, அவளைத் திட்ட யாருக்கும் வாய் வரவில்லை. தண்ணீர் ஓரத்தில் நின்றாள்.

"இன்னைக்குக் கேக்கல, சரி. நாளைக்கு?"

ஒகெலோ மீன்மேல் ஈ ஓட்டினான்.

"எங்கிட்ட கேக்கல. அவூர்கிட்ட?"

அவன் முதுகைத் திருப்பிக்கொண்டான். அஜ்வாங் திரும்பி வந்தாள். அவூர் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"யோவ் ஒகெலோ!" என்று அடுத்த படகுக்காரன் கத்தினான். "உன்னால என் மீனும் நாறுதுய்யா! இனிமே கேக்க மாட்டேன்னு சொல்லித் தொலையேன்!"

"அங்கேர்ந்து சொல்ல வேணாம்," என்றாள் அவூர், எழுந்திருக்காமல். "ரெண்டு பேருமே எறங்கி வாங்க. இருபது பேரு முன்னாடி சொல்லுங்க."