பேசக் கூடாத கூண்டு

எங்கள் காப்பகத்துக்கு ஊர் முழுக்க ஆதரவு. அதுதான் என் தலைவலி.

அடிபட்ட காட்டு உயிர்களைத் தேற்றி மறுபடியும் வெளியில் விடுகிற இடம் இது. ஒரு கொட்டகை, ஆறு கூண்டு, கால்நடை டாக்டர் ஒருவர், பொறுப்புக்கு நான். உதவுகிறேன் என்று வருகிறவர்கள் என்ன கொண்டு வருவார்கள் என்கிறீர்கள்? பருந்துக்கு பிஸ்கட். அணிலுக்குக் கிலுகிலுப்பை. ஒரு புண்ணியவான் ஆமைக்குக் கம்பளிச் சட்டை எடுத்துவந்தார். இவர்களையெல்லாம் திரட்டி அனுப்புகிற மகராசி என் நாத்தனார். தையல்கடை வைத்திருக்கிறாள். அளவு கொடுக்க வருகிறவர்களிடம் எங்களைப் பற்றிப் பேசிப் பேசியே ஊரைக் கூட்டிவிடுவாள்.

சும்மா சொல்லக் கூடாது, பறவைகள் பறந்து பழகுகிற பெரிய கூண்டைக் கட்டிக் கொடுத்ததே அவள் சேர்த்த கூட்டம்தான். ஆனாலும் குஞ்சுகள் பக்கம் அவளை நான் அண்ட விட்டதில்லை. எதைக் கண்டாலும் செல்லம், பட்டு என்று உருகிப்போவாள்.

அப்போதுதான் கூட்டிலிருந்து விழுந்த பருந்துக் குஞ்சு ஒன்று வந்தது. பஞ்சு உருண்டைக்குக் கண் வைத்த மாதிரி இருந்தது. குஞ்சிலேயே மனிதரிடம் பழகிவிட்டால், வளர்ந்தபிறகும் தீனிக்கு மனிதரைத்தான் தேடி வரும். எவன் சோறு போடுவான், எவன் கல்லெறிவான் என்று அதற்கு என்ன தெரியும்? அப்படிப் பழகியதை வெளியில் விட முடியாது. ஆயுசுக்கும் கூண்டுதான். அதனால் தலையோடு போர்வை போர்த்திக்கொண்டு, பருந்துத் தலை மாதிரி தைத்த கையுறையால்தான் ஊட்ட வேண்டும். கையுறையைத் தைத்துக் கொடுத்தவள் நாத்தனார். ஒருவரையும் நெருங்க விடாமல் இரண்டு மாதம் ஊட்டியவள் நான்.

நான் உள்ளே போகிற நேரம் பார்த்துத்தான் போன் வரும். கைதானே வேலையாக இருக்கிறது என்று, போனைக் காதில் மாட்டிப் பேசிக்கொண்டே ஊட்டுவேன். பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஆந்தையோடு படம் எடுக்க வரலாமா என்று ஒருவர். வாலறுந்த பல்லிக்கு ஆள் அனுப்புங்கள் என்று இன்னொருவர். முடியாது என்று ஒரு தடவை சொன்னால் யார் கேட்கிறார்கள்? வேளைக்கு நாலு பேரிடமாவது "சொன்னா கேக்க மாட்டீங்களா?" என்று கத்தி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பருந்து வளர்ந்தது. தானாக இரை பிடிக்கவும் பழகியது. விடுகிற அன்று ஆதரவாளர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நாத்தனார் ஒற்றைக் காலில் நின்றாள். கூண்டு கட்டியவர்களாயிற்றே என்று டாக்டரும் தலையாட்டிவிட்டார். மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்று கண்டித்துச் சொல்லித்தான் அவர்களை வேலிக்கு அப்பால் நிறுத்தினேன்.

கதவைத் திறந்தோம். பருந்து ஒரே வீச்சில் ஏறி, எதிரே இருந்த உயரமான மரத்தில் உட்கார்ந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. வேலிக்கு அப்பால் இருநூறு பேர் இருந்தும் ஒரு சத்தமில்லை. ஒரே ஒருவர் மட்டும் படம் எடுக்கிறேன் என்று வேலியில் ஏறினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"சொன்னா கேக்க மாட்டீங்களா?"

பருந்து மரத்தை விட்டு இறங்கியது. கூட்டத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக வந்து என் காலடியில் உட்கார்ந்து வாயைத் திறந்தது.

வேலியில் ஏறியவர் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டார். டாக்டர் என்னையும் பருந்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முகத்த மூடுனீங்க, கைய மூடுனீங்க," என்றார். "வாய?"

பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. பிஸ்கட்காரரைத் திட்டினேன், கம்பளிக்காரரைத் திட்டினேன். இந்தப் பருந்தின் தலையில் மண்ணை அள்ளிப் போட்டவள் நான். என் குரல் அதன் காதில் விழாமல் இன்னும் நாற்பது நாள் வைத்துப் பார்க்கலாம், அதற்கும் மறக்கவில்லை என்றால் கூண்டுதான் என்றார் டாக்டர். ஊட்ட யார் போவது? கையுறையை நாத்தனாரிடம் நீட்டினேன். எனக்கு வேறு நாதியில்லை.

நாற்பது நாளும் நான் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மறுபடி விடுகிற அன்று யாரையும் கூப்பிடவில்லை. கூண்டுக்கு எதிரே இருந்த மைதானத்து ஓரத்தில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் கூண்டைத் திறக்கப் போன நேரத்தில் நாத்தனார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நெஜமாவே ஒரு வார்த்தைகூட பேசலையா நீ?" என்று கேட்டேன்.

"செல்லம்னு நாக்கு நுனி வரைக்கும் வரும் அண்ணி. வாயில துணிய கடிச்சிக்கிட்டுதான் ஊட்டுனேன்." பையிலிருந்து ஒரு துணித்துண்டை எடுத்து என் மடியில் வைத்தாள். "இந்தாங்க. தேவைப்படும்."

எனக்கே புத்தி சொல்கிறாயா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பருந்து கிளம்பிவிட்டது. மைதானத்தைத் தாண்டி, மரத்தைத் தாண்டிப் போனது, திரும்பி வந்து எங்கள் கார் மேலேயே தாழ்வாக வட்டமிட்டது. ஒரே ஒரு தடவை சத்தம் போட்டால் போதும், இறங்கி வந்துவிடும். வந்தால் தேவலை என்று பாழும் மனசு அடித்துக்கொண்டது.

துணியை எடுத்துக் கடித்துக்கொண்டேன். அது கண்ணுக்கு மறைந்து வெகுநேரம் ஆன பிறகும், நாத்தனார் பிடுங்குகிற வரைக்கும், நான் அதை விடவில்லை.