கிளிஞ்சல் வீட்டில் சாயம் விற்கப் போனவர்

மெர்டேக்காவுக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. சுதந்திரத்தை அழுக்குச் சுவரோடு வரவேற்க மலாக்காவில் யாருக்கும் மனமில்லை. அதனால் சாயக்கடை விற்பனையாளர் ஜெயபாலனுக்குத் தலைகால் புரியவில்லை. தன் வாய்க்கு மயங்காத ஆளே கிடையாது என்பது அவருடைய திடமான நம்பிக்கை. அவர் மனைவி சிவகாமசுந்தரிக்கு அந்த நம்பிக்கை துளியும் இல்லை.

அன்று காலையில் காஜா பேராங் வட்டாரத்தில் நல்லையாவும் அவர் மைத்துனரும் தங்கள் வீடுகளுக்குச் சாயம் சொல்லியிருந்தார்கள். அந்தத் தெம்பில் ஜெயபாலன் சைக்கிளைக் கம்போங் செட்டி கிராமத்துக்குள் விட்டார். அங்குள்ள செட்டி மக்கள் கும்பிடுவது நம் சாமியை, பேசுவது மலாய். தன் மலாயிலும் அவருக்குப் பெருமை உண்டு.

கோயிலைத் தாண்டி முதல் வீட்டு வாசலில் தெய்வானை மாமி ஏதோ கழுவிக்கொண்டிருந்தார். ஜெயபாலன் வணக்கம் சொன்ன கையோடு மலாயில் ஆரம்பித்துவிட்டார். கடற்காற்று சுவரை எப்படி அரிக்கும், மழைக்கு எப்படிப் பாசி பிடிக்கும், தங்கள் கடைச் சாயம் பூசினால் எப்படி வெளுக்கவே வெளுக்காது என்று மூச்சுவிடாமல் அளந்தார். மாமி கழுவிக்கொண்டே இருந்தார். எல்லாம் கேட்டபின் மலாயில் ஒன்றே ஒன்று கேட்டார்:

"எங்கே பூசுவே, தம்பி?"

அப்போதுதான் ஜெயபாலன் வீட்டை நிமிர்ந்து பார்த்தார். சுவர் கண்ணில் படவேயில்லை. தூண்களில் வரிவரியாகக் கிராங் சிப்பி ஓடுகள், ஜன்னலைச் சுற்றிச் சங்குகள், கிணற்றின் சுற்றுச்சுவரில் சிப்பிகளாலான ஒரு மயில். நாய் படுத்திருந்த திட்டுகூட மினுமினுத்தது. கண்ணை மூடிக்கொண்டா பேசினோம் என்று அவருக்கே வெட்கமாயிற்று. வாய் மட்டும் நிற்கவில்லை. கதவுக்காவது பூசலாமே என்றார். மாமி கதவைச் சாத்திக் காட்டினார். அதன்மேலும் கிளிஞ்சல்.

இதெல்லாம் எதற்கு என்று ஜெயபாலன் கேட்டார். வீட்டில் எல்லாரும் கிராங் விரும்பிச் சாப்பிடுவார்கள், ஓட்டைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, அவ்வளவுதான் என்றார் மாமி. பிறகு, பின்சுவர் பாதியில் நிற்கிறது, சும்மாதானே இருக்கிறாய் என்று ஓடுகள் நிறைந்த தட்டை அவர் கையில் கொடுத்தார்.

ஜெயபாலன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஈரச் சிமெண்டில் ஓட்டை அழுத்துவது இவ்வளவு சுகமான வேலை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. வெயில் சாயும்வரை கடையை நினைக்கவேயில்லை.

அந்த நேரத்தில்தான் காலையில் சாயம் சொல்லியிருந்த நல்லையா குடும்பத்தோடு கிளிஞ்சல் வீட்டை வேடிக்கை பார்க்க வந்தார். விளக்கம் சொல்ல ஆள் வேண்டாமா? ஜெயபாலன் சிமெண்டுக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்.

"சாயம் ரெண்டு மழைக்கு வெளுத்துப் போயிரும், சார். இது உங்க பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்லா."

சொன்னபிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

மறுநாள் நல்லையாவும் மைத்துனரும் சாயம் வேண்டாம், ரெண்டு மழைக்கு வெளுத்துப்போகுமாம் என்று சொல்லியனுப்பினார்கள். காஜா பேராங்கில் எவனோ ஒரு வாயாடி நம் பிழைப்பைக் கெடுக்கிறான் என்று கடை முதலாளி சொக்கப்பன் கொதித்தார். அப்படிப்பட்டவனைச் சும்மா விடக்கூடாது என்று ஜெயபாலனும் ஆமோதித்தார்.

மெர்டேக்கா அன்று மனைவியை அந்த வீட்டைப் பார்க்க அழைத்துப்போனார். பின்சுவரில் அவர் பதித்த ஓடுகளில் பாதி உதிர்ந்து, சுவர் குழி குழியாக இருந்தது. அவர் அந்தப் பக்கம் நிற்காமல் அவளை நேரே கிணற்றடிக்கு நடத்தினார்.

"நீங்க ஒட்டினது எதுங்க?"

ஜெயபாலன் மயிலைக் காட்டினார். சிவகாமசுந்தரி நம்பமுடியாமல் திரும்பித் தெய்வானை மாமியைப் பார்த்து, இவரா செய்தது என்று தமிழில் கேட்டாள். ஒரு சொல்லும் விளங்காத மாமி வாய் நிறையச் சிரித்துத் தலையாட்டினார்.

கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக, மனைவி தன்னை மரியாதையோடு பார்ப்பதை ஜெயபாலன் கண்டார். அதைக் கெடுக்க அவருக்கு மனம் வரவில்லை.