பெடலில் இருந்த கால்

ஆறு வருடங்களாக அந்தக் காரை வைத்திருக்கிறேன். அதன் அடிவயிற்றை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். சமயநல்லூர் தாண்டி, பெரிய சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஷாநவாஸின் ஒர்க்‌ஷாப்பில், லிஃப்டின் இரண்டு தூண்களுக்கு நடுவே என் சிவப்புக் கார் ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. ரோட்டில் போனால் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைக்கிற வண்டி, கீழேயிருந்து பார்த்தால் குழாயும் கம்பியும் காய்ந்த சேறுமாக இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு குழாயும் இன்னொன்றுக்கு வழிவிட்டு வளைந்து போயிருந்த விதத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு மலைப்பாக இருந்தது. எங்கோ ஜப்பானில் யாரோ ஒருவர், யாரும் பார்க்கப்போகாத இடத்தை இத்தனை ஒழுங்காக யோசித்து வைத்திருக்கிறார். எனக்குப் பேச்சே வரவில்லை. பேச்சு வராமல் நிற்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம், ஏனென்றால் நான் டியூஷன் வாத்தியார்.

அண்ணாநகரில் நீட் மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துகிறேன். இருபத்தாறு வருடம். மகள் வர்ஷினி வேலை கிடைத்து பெங்களூருக்குப் போன வருடம், கோயம்புத்தூரில் ஒருவர் விற்ற இந்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினேன். என் மனைவி ஜானு அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, அரிசி மூட்டையை எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டாள். மின்வாரிய ஆபீஸில் வேலை பார்ப்பவள், எதையும் அளவாகத்தான் கேட்பாள். மாணவர்கள் எனக்கு ‘டர்போ சார்’ என்று பெயர் வைத்தார்கள். வண்டியில் டர்போ கிடையாது. அதை நான் திருத்தவில்லை.

போன மாதம் உசிலம்பட்டி பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது, மேட்டில் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் கத்தியதே தவிர வண்டி நகரவில்லை. கருகிய வாடை உள்ளே ஏறியது. கிளட்ச் போய்விட்டது என்பது எனக்கே புரிந்தது. யாரால் போனது என்பதும் எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஜானு ஆசைப்பட்டு இந்த வண்டியை ஓட்டப் பழகினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கீழக்குயில்குடி ரோட்டுக்குப் போவோம். இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் தாமரைக்குளம் பக்கத்தில் நிறைய பேர் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தில் வண்டி குலுங்கி நின்றது. கிளட்ச் பெடலில் காலை வைத்துக்கொண்டே ஓட்டினால் இப்படித்தான் ஆகும் என்று ஆரம்பித்து, உராய்வுப் பாடம் முழுவதையும் அங்கேயே நடத்தி முடித்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஜானு சாவியை என் மடியில் வைத்துவிட்டு இறங்கி என்னோடு சீட்டை மாற்றிக்கொண்டாள். அதோடு சரி. அன்றிலிருந்து அவளுக்கு அவள் ஸ்கூட்டர், எனக்கு என் கார்.

இந்த வண்டிக்கு மதுரையில் கம்பெனி ஒர்க்‌ஷாப் கிடையாது. விசாரித்ததில் எல்லோரும் ஷாநவாஸ் பெயரைத்தான் சொன்னார்கள். நாற்பது வயதிருக்கும், மெலிந்த ஆள், அதிகம் பேசமாட்டார். வெளிநாட்டிலிருந்து கிளட்ச் செட் வந்து சேர ஐந்து வாரமானது. வந்த அன்றைக்கே என்னைக் கூப்பிட்டுவிட்டார், வேலையைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று நான்தான் கேட்டிருந்தேன். அவரிடம் ஒரு சட்டம் உண்டு. கியர்பாக்ஸை இறக்குகிற நாளில் ஷெட்டின் தரையைக் கழுவித் துடைத்துவிடுவார். அதற்கப்புறம் யாரும் செருப்போடு உள்ளே வரக்கூடாது. கிளட்சுக்குள் ஒரு மணல் துகள் போனாலும் போச்சு என்பார். செருப்புகள் எல்லாம் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வரிசையாகக் கிடந்தன. நானும் என் செருப்பை அங்கே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அவர் வேலை செய்வதைப் பார்த்தால் நேரம் போவது தெரியாது. தரையில் விரித்த அட்டையில் கியர்பாக்ஸின் உருவத்தைப் பேனாவால் வரைந்து, கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வைத்தார். எது எங்கிருந்து வந்தது என்று தேடவே வேண்டாம். கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்துவதற்கான குச்சி ஒன்று செட்டோடு வந்திருக்க வேண்டுமாம், வரவில்லை. அதற்காகக் கொய்யாக் கட்டை ஒன்றை லேத்தில் கொடுத்து, அளவு பார்த்துக் கடைந்து வைத்திருந்தார். உலகத்தின் எந்த மூலையிலோ பிறந்த கார், சமயநல்லூர்க் கொய்யாக் குச்சியை நம்பி மேலே தொங்கிக்கொண்டிருந்தது. ஜாக்கின் மேல் கியர்பாக்ஸ் மெல்லக் கீழே இறங்கியபோது, சந்நிதியில் திரை விலகக் காத்திருக்கிறவனைப் போல நான் கைகட்டி நின்றேன்.

உள்ளேயிருந்து கிளட்ச் பிளேட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. கருகி, கண்ணாடி மாதிரி வழுவழுத்துப் போயிருந்தது. இத்தனை வருடம் கரும்பலகையில் நான் எழுதிய உராய்வு, இந்தக் கறுப்பு வட்டத்துக்குள் இருந்துகொண்டுதான் என்னை ஊர் ஊராக இழுத்துப் போயிருக்கிறது. என்னிடம் படித்த எத்தனை ஆயிரம் பேருக்கு இதைக் காட்டாமலே விட்டிருக்கிறேன் என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஷாநவாஸ் அதற்குள் ஒரு பேரிங்கை எடுத்து விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார். அது கரகரத்தது. பெடலை மிதிக்கும்போது மட்டும் வேலை செய்ய வேண்டிய பேரிங் அது என்றும், இது ஓய்வில்லாமல் சுற்றியிருக்கிறது என்றும் சொன்னார்.

வண்டியை யார் ஓட்டுவது என்று கேட்டார். மனைவிக்குப் பெடலில் கால் வைக்கிற பழக்கம் உண்டு என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். எத்தனை நாள் ஓட்டினார்கள் என்று கேட்டார். இரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு மாதம் என்றேன். அவர் பேரிங்கை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், டீ வந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியில் கையைத் துடைத்தார்.

டீக்காரர் கேட்டில் நின்றார். ஷெட்டுக்கும் கேட்டுக்கும் நடுவே பத்தடி வெட்டவெளி, அதன் ஓரத்தில் பழைய தண்ணீர்த்தொட்டியை மூடிய இரும்புத் தகடு. மணி பன்னிரண்டரை. ஷாநவாஸின் வேலையாட்கள் இருவரும் வெறுங்காலோடு குதித்துக் குதித்து ஓடினார்கள். நான் டீயை வாங்கிக்கொண்டு தகடு வரை வந்தபோது ஜானு போனில் கூப்பிட்டாள். வேலை முடிந்ததா என்று கேட்டாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “எல்லாம் உன் கால் செஞ்ச வேலைதான். பேரிங்கே சாட்சி சொல்லுது” என்றேன். நான் விடாமல் பேரிங் எப்படித் தேயும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். வலது கால் வேப்பமர நிழலில் இருந்தது, இடது கால் தகட்டின் மேல்.

யாரோ என் காலைப் பிடித்தார்கள். குனிந்து பார்த்தால் ஷாநவாஸ். என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் என் இடது காலைத் தூக்கித் தகட்டிலிருந்து நகர்த்தி நிழலில் வைத்தார். பதறிப்போய், போனைத் துண்டித்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். ஒரு மனிதர் என் காலைத் தொட்டதுதான் அந்த நேரத்தில் எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார், என்னை ஸ்டூலில் உட்கார வைத்து அதற்குள் என் காலை இறக்கினார். அப்புறம் மெதுவாக வெளியே எடுத்துத் திருப்பிக் காட்டினார். உள்ளங்கால் சிவந்து, குதிகாலுக்கு முன்னால் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம் கிளம்பியிருந்தது. வலிக்கவே இல்லை. வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்தேன்.

“அண்ணே, சுகர் இருக்கா?” என்றார். அதுவரை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எட்டு வருடமாக இருக்கிறது என்றேன். பாதத்துக்கு ஒரு பரிசோதனை எடுக்கச் சொல்லி டாக்டர் இரண்டு தடவை எழுதிக் கொடுத்ததையும், வகுப்பைக் காரணம் காட்டி நான் போகாததையும் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குப் புரிந்திருக்கும்.

“எங்க அத்தாவும் இப்படித்தான் ஒருநா சுடுற தாருல நின்னாரு. நாங்க யாரும் பாக்கல” என்று தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து அந்தப் பேரிங்கை எடுத்தார். “ரெண்டு மாசத்துல இம்புட்டு தேய்மானம் வராதுண்ணே. இது தெனமும் ஓட்டுன காலு. பாத்ததுமே தெரிஞ்சுச்சு, யாரோ ஒரு ஆளு பெடல்ல இருந்து கால எடுக்கவே இல்லன்னு. எடுக்கத் தெரியாத ஆளுன்னு நெனச்சேன். கால் அங்க இருக்கறதே தெரியாத ஆளுன்னு இப்பத்தான் தெரியுது.”

நான் பேரிங்கை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். வெப்பக் கடத்தலும் நான் நடத்துகிற பாடம்தான். தகட்டின் சூடு விதிப்படி என் காலுக்குள் ஏறியிருக்கிறது, செய்திதான் எனக்கு வந்து சேரவில்லை. எத்தனை நாளாக வரவில்லை என்பதை நானோ டாக்டரோ எழுதி வைக்கவில்லை. இந்த இரும்பு வளையம் எழுதி வைத்திருக்கிறது. உசிலம்பட்டி மேட்டிலும், அண்ணாநகர் சிக்னலிலும், மாணவர்கள் முன்னால் வண்டியை உறுமவிட்டுத் திருப்பிய ஒவ்வொரு நாளும் என் கால் எனக்குத் தெரியாமல் அந்தப் பெடலின் மேல் கிடந்திருக்கிறது. பயந்தேன், மறைப்பதற்கில்லை. ஆனால் பயத்துக்கு முன்னால் ஒரு பிரமிப்புதான் வந்தது. என் உடம்புக்குள் நடப்பதை ஒரு கார் கவனித்திருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்த ஒரு மனிதர் சமயநல்லூரில் இருந்திருக்கிறார்.

வலது காலையும் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தேன். குளிர்ச்சி தெரிந்தது, தெரிந்தது என்றுதான் நினைக்கிறேன். அடித்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. வலது கால் பிரேக்குக்கானது. இனி நான் எந்த வண்டியையாவது ஓட்ட முடியுமா என்பது அந்தக் காலைப் பொறுத்தது.

ஜானுவுக்கு நானே போன் செய்தேன். ஆபீஸ் மின்விசிறிச் சத்தம் கேட்டது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வகுப்பில் எனக்கு அந்தச் சிக்கல் வந்ததே கிடையாது.

“அது உன் கால் இல்ல ஜானு. என் கால்தான். அன்னைக்கும் இன்னைக்கும் நான் சொன்னது தப்பு” என்றேன். நடந்ததைச் சொன்னேன். கடைசியில், “வண்டிய நீதான் எடுக்கணும்” என்றேன்.

“முதல்ல காலப் பாக்கணும். அங்கயே இருங்க, வாரேன்” என்றாள்.

அவள் வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. கொய்யாக் குச்சி புதுப் பிளேட்டை நடுவில் பிடித்துக்கொள்ள, ஷாநவாஸ் சுற்றிலும் போல்ட்டை முடுக்கிவிட்டுக் குச்சியை உருவினார். மூன்று பேரும் சேர்ந்து கியர்பாக்ஸை ஏற்ற, அது ஒரே தள்ளலில் ‘டொக்’ என்று உள்ளே உட்கார்ந்தது. அட்டையில் ஒரு போல்ட்கூட மிச்சமில்லை. அவரே வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தார். காலில் துணி சுற்றிக்கொண்டு நான் நிழலில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்கு ஜானு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கேட்டில் செருப்பு வரிசையைப் பார்த்துவிட்டு யாரும் சொல்லாமலே தன் செருப்பையும் கழற்றினாள். மண்டியிட்டு என் காலைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. கையை நீட்டினாள், சாவியைக் கொடுத்தேன். சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு வருடமாக என் அளவிலேயே இருந்த சீட். புது கிளட்ச் கொஞ்சம் மேலேயே பிடிக்கும், மெதுவாக விடுங்கள் அக்கா என்று ஷாநவாஸ் சொன்னார். முதல் தடவை வண்டி குலுங்கி அணைந்தது. வேலையாட்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது தடவை வண்டி கேட்டைத் தாண்டியது.

ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறாள் என்று தெரிந்தது, கேட்கவில்லை. பெரிய சாலைக்கு வந்ததும் ரெண்டு, மூன்று என்று கியர் மாற்றினாள். இரண்டு வருடம் தொடாதவள் மாதிரியே இல்லை. வண்டி இவ்வளவு இதமாகப் போகும் என்பதே எனக்குத் தெரியாது. இந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே வெகு நாளாகிவிட்டது. கிளட்சை விட்டதும் அவள் இடது காலைத் தூக்கிப் பெடலுக்குப் பக்கத்தில், தரையில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஏதோ தோன்றி நான் என் காலைக் குனிந்து பார்த்தேன். துணி சுற்றிய கால் முன்னால் நீண்டு, பெடலே இல்லாத இடத்தில் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்துவது எனக்குத் தெரியவில்லை, கண்ணுக்குத்தான் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கி அதைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். ஜானு ஒரு கணம் கீழே பார்த்துவிட்டு மறுபடியும் சாலையைப் பார்த்தாள்.

பரவை தாண்டியதும் சாலை காலியாகத் திறந்து கிடந்தது. அவள் கை நான்காவது கியருக்குப் போனது. நான் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன். என் கால் மெல்ல எழுந்து, அவள் காலோடு சேர்ந்து, மறுபடியும் அந்த விரிப்பை மிதித்தது.