நிலவறைச் சாவி

“இந்தப் பேய் விளையாட்டுக்கெல்லாம் நம்ம சர்ச் நிலவறையைக் குடுக்கிறது எனக்குச் சரியாப் படல,” என்று லொரெய்ன் சொன்னபோது, ஆர்டிஸ் காபிக் கோப்பையைச் சத்தம் கேட்கட்டும் என்றே கீழே வைத்தாள். தேவாலயக் குழு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

வியாழன்தோறும் அந்த நிலவறையில் கூடியவர்கள் மூன்றே பேர். பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்டிஸ் கதை சொல்வாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் டூ வாங் என்பவனும், மாட்டுப் பண்ணை வைத்திருந்த ஆரினும் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். பால் விலை விழுந்து மாடுகளை ஏலத்தில் விட்ட வருஷம் ஆரின் உயிரை விடப் பார்த்தான். பிழைத்து வந்தவனிடம் பேச்சு இல்லை. மருந்து தூங்க வைத்தது. வாயைத் திறக்க வைத்தது அந்த விளையாட்டில் அவன் ஏற்ற பாத்திரம், பிப் என்கிற வாயாடித் திருடி. அவளை அவனேதான் தேர்ந்தெடுத்தான். அத்தனை பெரிய மனிதன் கீச்சுக் குரலில், “ராஜாவே, கிரீடம் லூசா இருக்கே, நான் பிடிச்சுக்கவா?” என்று கேட்க, டூவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. ஒருநாள் அதே குரலில், “எனக்குத் தொழுவத்துப் பக்கம் போகவே பயமா இருக்கு,” என்றான். மறுநாள் மூவருமாகப் போய் அந்தக் காலித் தொழுவத்தைக் கூட்டிப் பெருக்கினார்கள்.

“மனசு சரியில்லன்னா ஜெபக் கூட்டத்துக்கு வரலாமே, ஆரின்?” என்றாள் லொரெய்ன். ஆரின் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆர்டிஸுக்கு உச்சந்தலை கொதித்தது. “அவன் வீடு திரும்பின வாரம் கேசரோல் சாப்பாடு செஞ்சு கொண்டுவந்து வாசல்ல வச்சுட்டுப் போனியே லொரெய்ன், மணி அடிச்சியா? உள்ள போய் ஒரு நிமிஷம் உக்காந்தியா? இங்க யாராவது போனீங்களா? அவன் வாயைத் திறந்தது இந்த நிலவறையிலதான். அதையும் பூட்டணுமா உங்களுக்கு?”

“கோபப்படாதே, ஆர்டிஸ்,” என்றார் பாஸ்டர்.

வாக்கெடுப்பில் அவர்கள் கோபப்படாமல் கை தூக்கினார்கள். நிலவறை போயிற்று.

அடுத்த வியாழன், உறைந்த ஏரியின்மேல் டூ நிறுத்தியிருந்த மீன்பிடிக் குடிலில், கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்தார்கள். ஆர்டிஸால் கதையைத் தொடங்க முடியவில்லை. உயர்ந்த அந்தக் கைகள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

“அந்தம்மா கைப்பைக்குள்ள நிலவறைச் சாவி இருந்துச்சு,” என்றது கீச்சுக் குரல். “பிப் பார்த்துட்டா.”

டூ சிரித்தான். ஆர்டிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆரின் தொண்டையைச் செருமினான். பிறகு வந்தது அவன் சொந்தக் குரல், கரகரத்து.

“எனக்கும் கோவம் வந்துச்சு ஆர்டிஸ். ரொம்ப வந்துச்சு.”

சொல்லிவிட்டுப் பகடையை ஓங்கி எறிந்தான். அது பலகையிலிருந்து துள்ளி, பனிக்கட்டியில் வழுக்கி, தூண்டில் விடப் பனியில் வெட்டிய துளையின் கறுத்த தண்ணீருக்கு ஒரு விரல் தள்ளி நின்று சுழன்றது. மூன்று பேரும் குனிந்தார்கள்.