கை போனால் கால் மிதிக்கும்

என் மகள் ஜோனிட்டா விமானத்திலிருந்து குதிக்கப் பழகுகிறாள் என்பது, அவள் நாலு முறை குதித்து முடித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவும் அவளாகச் சொல்லவில்லை. தோளில் நீலமாகக் கன்றிப்போயிருந்ததைப் பார்த்து என் மனைவி ஜெயமேரி கேட்டாள். பாராசூட் வார் இழுத்துவிட்டது என்று சோற்றைப் பிசைந்துகொண்டே பதில் வந்தது. ஜெயமேரி ஜெபமாலையைத் தேடப் போனாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

ஜோனிட்டாவுக்கு முப்பத்திரண்டு வயது. குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடமாக வேலை. காருக்குள் ஓடும் வயர்களின் நுனியில் சின்னச் செப்புத் துண்டை வைத்து நசுக்குகிற மெஷின். எங்களைக் கேட்டுக்கொண்டு எதையும் செய்ய வேண்டிய வயதில்லை. ஆனாலும் நான் கேட்டேன், மேலே உன்னை யார் பிடித்துக்கொள்வார்கள் என்று.

முதல் மூன்று முறை இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டு கூடவே விழுவார்களாம். நாலாவது முறை விட்டுவிட்டார்கள். வயிறு தரையைப் பார்க்க, கை காலை விரித்து, ஆடாமல் அசையாமல் விழ வேண்டும். இவள் சுற்றிவிட்டாள். பாராசூட்டை இழுக்கக் கையைப் பின்னால் கொண்டுபோன நேரத்தில் உடம்பு இடது பக்கமாகக் காற்றாடி போலச் சுழன்றது. அந்தச் சுற்றோடு இழுத்ததில் கயிறெல்லாம் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டது. அந்தரத்தில் தொங்கிக்கொண்டு காலை உதைத்து உதைத்து முறுக்கைப் பிரித்தாளாம். இறங்கியதும் மூத்த பயிற்சியாளர் சொல்லிவிட்டார்: காற்றுக் குழாயில் போய் நிலையாக மிதக்கப் பழகி, அங்கே கையெழுத்து வாங்கி வா, அதுவரை விமானத்தில் ஏற்ற மாட்டேன்.

அந்தக் கையெழுத்து கிடைக்கக் கூடாது என்று அன்றிரவே மாதாவிடம் கேட்டுக்கொண்டேன்.

காற்றுக் குழாய் கோலாலம்பூரில் இருந்தது. நானும் வருகிறேன் என்று காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஆயர் குரோ சுங்கச்சாவடி தாண்டியதும் கேட்டாள்.

"நீங்க வந்து என்னப்பா செய்யப் போறீங்க?"

"பாப்பேன்."

"பாத்து?"

"பாப்பேன்னு சொன்னேன்ல. ரோட்டப் பாத்து ஓட்டு."

ஒரு பேரங்காடியின் மேல்மாடியில், ஆள் உயரத்தைப் போல ஐந்து மடங்கு இருக்கும், ஒரு கண்ணாடிக் குழாய். அடியில் கம்பி வலை. வலைக்குக் கீழே எங்கேயோ பெரிய விசிறிகள். அவற்றைப் போட்டால் சரளை ஏற்றிய லாரி மேடு ஏறுவது போலச் சத்தம். அந்தக் காற்றில் ஆள் படுத்தால் தூக்கி நிறுத்திவிடும். முப்பது வருடம் நான் தொழிற்சாலை பஸ் ஓட்டியிருக்கிறேன். நடு வழியில் நிற்காத எஞ்சினை நான் பார்த்ததில்லை. கரண்ட் போனால் என்ன ஆகும் என்று வாசலில் நின்றவனை மலாயில் கேட்டேன். விசிறி மெதுவாகத்தான் நிற்கும், வலை இருக்கிறது, பாக்சிக், பெரியவரே, கவலைப்பட வேண்டாம் என்றான். கவலைப்படாதே என்று யார் சொன்னாலும் எனக்குக் கவலை இரண்டு மடங்காகும்.

ஜோனிட்டாவுக்கு அஸ்மான் என்று ஒருவர் பழக்கிக் கொடுத்தார். நரைத்த தாடி, தடித்த கை. உள்ளே சத்தத்தில் பேச முடியாது, எல்லாம் விரல் ஜாடைதான். ஒரு தடவைக்கு இரண்டு நிமிடம். முதலில் அவள் உடையைப் பிடித்து மிதக்க விட்டார், பிறகு கையை எடுத்தார். அவள் நன்றாகத்தான் கிடந்தாள், தண்ணீரில் மிதக்கும் இலை போல. பின்னால் கையைக் கொண்டுபோ, கைப்பிடியைத் தொடுவது போலச் செய் என்று ஜாடை காட்டினார். அவள் வலது கையை இடுப்புக்குப் பின்னால் நீட்டினாள்.

உடனே சுற்றினாள். அஸ்மான் பிடிப்பதற்குள் என் முகத்துக்கு எதிரே கண்ணாடியில் வந்து மோதினாள். நான் பின்னால் சாய்ந்துவிட்டேன். தலைக்கவசத்துக்குள் அவள் கண் இரண்டும் பிதுங்கித் தெரிந்தன. என்னைத்தான் பார்த்தாள், ஆனால் நான் அவளுக்குத் தெரியவில்லை. கீழே வலையும் மேலே கூரையும் உள்ள இடத்திலேயே இந்தக் கதி என்றால், பத்தாயிரம் அடிக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

தோள் கோணுகிறது என்றார் அஸ்மான். இடது கையை நெற்றிக்கு முன்னால் கொண்டுவரச் சொன்னார். இரண்டாவது தடவையும் கை பின்னால் போனதும் சுற்று. இந்த முறை நான் முகத்தைப் பார்க்கவில்லை, பயம். கண்ணைத் தாழ்த்திக் காலைப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது.

கை போனதும் வலது கால் மிதித்தது.

அவள் மெஷின் அப்படித்தான். கை வயரை உள்ளே வைத்து விலகும், கால் பெடலை மிதிக்கும். கை, மிதி. கை, மிதி. ஒரு ஷிப்டுக்கு மூவாயிரம் நாலாயிரம் தடவை, பதினோரு வருடம். வீட்டில் மேசையில் தட்டை வைத்தால்கூட அவள் வலது கால் தரையை ஒரு அழுத்து அழுத்தும். யாருக்கடி பிரேக் போடுகிறாய் என்று ஜெயமேரி கேலி செய்வாள். இங்கே மிதிக்கப் பெடல் இல்லை. அந்தக் கால் காற்றுக்குள் இறங்கியது, காற்று அதை அடித்து உடம்பைச் சுழற்றியது. கை நகரும்போது சுற்றுவதால் அஸ்மான் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் யாரும் ஆயுளில் பிரஸ் மெஷினை மிதித்தவர்கள் அல்ல.

எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாவது தடவையும் சுற்றினாள். இன்றைக்கு இன்னும் ஒரு தடவைதான் இருக்கிறது, அதிலும் இப்படியானால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அஸ்மான் சொன்னார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜோனிட்டா வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். முடியெல்லாம் வேர்வை. தண்ணீர் பாட்டிலை நான் திறந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, தரையைப் பார்த்தபடி, இவர் கையெழுத்துப் போடாவிட்டால் கிறிஸ்மஸ் லீவில் வெளிநாட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னாள். அங்கே ஓர் இடத்தில் இந்தக் கையெழுத்தெல்லாம் கேட்க மாட்டார்களாம். கூட வேலை செய்கிற ஒருத்தி போய் வந்திருக்கிறாள்.

"பயமா இல்லையா ஒனக்கு?"

"பயமாத்தான் இருக்கு. சுத்துறப்ப வானம் எந்தப் பக்கம்னே தெரியலப்பா."

"அப்ப விட்டுரு."

"விட மாட்டேன் லா. இப்ப விட்டா, ராத்திரி படுத்தா அந்தச் சுத்துதான் வரும்."

அவளைப் பற்றி எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் சைக்கிளில் விழுந்து பல் உடைந்து, வாயில் துணியைக் கவ்விக்கொண்டு அன்றைக்கே மறுபடி ஏறினவள். நான் பேசாமல் இருந்தால், என் கண்ணுக்கு எட்டாத ஊரில், அதே காலோடு குதிப்பாள். கயிறு மறுபடி முறுக்கும். பேசினால் இங்கே குதிப்பாள். எப்படிப் பார்த்தாலும் என் பிள்ளை மேலேயிருந்து விழத்தான் போகிறாள். எழுந்து கழிவறை வரை போனேன். உள்ளே போகாமல் திரும்பி வந்தேன்.

"நீ மெஷின் மிதிக்கிற," என்றேன்.

"என்னது?"

"கை பின்னால போனா கால் மிதிக்குது. வலது காலு. அங்க பெடல் கிடையாது."

அவள் காலைக் குனிந்து பார்த்தாள். பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து, கையைப் பின்னால் நீட்டினாள். கால் இறங்கியது. மறுபடி நீட்டினாள். மறுபடி இறங்கியது, யாரோ நூல் கட்டி இழுப்பது போல.

"எப்பப்பா பாத்தீங்க?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம்.

"ரெண்டாவது தடவையே."

ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எழுந்து அஸ்மானிடம் போய்க் காலைக் காட்டிப் பேசினாள்.

நாலாவது தடவை கை பின்னால் போனபோது வலது கால் துடித்தது, பாதி இறங்கி நின்றது. உடம்பு அரைகுறையாகத் திரும்பித் திணறியது. அதே இரண்டு நிமிடத்துக்குள் மறுபடி கை போனது, கால் நின்றது. இன்னொரு முறை. கால் நின்றது. அஸ்மான் கண்ணாடியைத் தட்டி எனக்குக் கட்டை விரலைக் காட்டினார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை காலையில், ஜொகூர் எல்லை தாண்டி ஒரு பழைய விமானத் திடலுக்குப் போனோம். ஜெயமேரி காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு ஜெபமாலையோடு உள்ளேயே இருந்தாள். விமானம் மேலே போய்ச் சத்தம் தேய்ந்தது. அப்புறம் மூன்று புள்ளிகள். எது என் பிள்ளை என்று தெரியவில்லை. ஒன்று விரிந்தது, சிவப்பு. இன்னொன்று விரிந்தது. மூன்றாவது விரியவில்லை. விழுந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் நின்றவனின் சட்டையைப் பிடித்திருக்கிறேன், அவன் விரலைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. பிறகு அதுவும் விரிந்தது. அது பயிற்சியாளராம், கடைசியில்தான் இழுப்பாராம். இதை முன்னாலேயே ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

சிவப்புதான் உங்கள் பெண் என்றான் பக்கத்தில் நின்றவன். அதைக் காற்று ஒதுக்கிக்கொண்டு போய்த் திடல் ஓரத்துச் செம்பனைத் தோட்டத்துக்குள் இறக்கியது. ஆட்கள் வண்டி எடுக்கப் போனார்கள். நான் காத்திருக்கவில்லை. எழுபது வயதில் ஓடுவது ஓட்டமில்லை, ஆனாலும் ஓடினேன். மரத்துக்கு மரம் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் வருவதற்குள் பத்து முறை அவளைப் புதைத்துவிட்டேன்.

வெட்டிப்போட்ட மட்டைக் குவியல் மேல் உட்கார்ந்து, உள்ளங்கையில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். முதலில் கழுத்தைப் பார்த்தேன், பிறகு கை, பிறகு கால். எல்லாம் இருந்தன.

"கயிறு முறுக்கலப்பா," என்றாள். "நேரா வந்துச்சு. மத்தியானம் ரெண்டு மணிக்கு இன்னொண்ணு இருக்கு."

நான் மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் தலைக்கு மேலே சிவப்புத் துணி ஓலையில் மாட்டித் தொங்கியது.

"இதையா மறுபடி மாட்டுவ?"

"இல்ல. வேற ஒண்ணு மடிச்சு வச்சிருப்பாங்க."

"யாரு மடிக்கிறது?"

"அதுக்கு ஆள் இருக்காங்கப்பா."

"எந்த ஆளு?" என்றேன். "எந்திரி. எனக்கு அந்த ஆளக் காட்டு."