இரண்டு பிளாஸ்டிக் பற்கள்

...அந்த வேணுவின் கழுத்தைப் பிடித்து ஏரியில் அமுக்கினால்தான் ஆத்திரம் அடங்கும், இடுப்பளவு தண்ணீர் போதும், இந்தத் தோணி ஏன் இப்படி ஊர்கிறது, பசியாவரத்துக் கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் பாடிக்கொண்டிருப்பது யார், மஸூதா, ஜலீலின் கூடப்பிறந்த தங்கை, மருதாணி வீட்டில் பெண்களுக்கு மட்டுமென்று கதவைச் சாத்திக்கொண்டு பாடியவள், இன்று பட்டப்பகலில் ஊரே கேட்கப் பாடுகிறாள்... ஜன்னலுக்கடியில் டேப்பை ஒளித்துவைத்துப் பதிந்தது யார்? சரி, ஜலீல்தான். அதற்காக? சிநேகிதன் என்று ஒரு நாள் இரவல் கொடுத்தால், இரண்டு டேப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்னொன்று எடுத்துவிடுவானா அந்த மைக்செட்டுக்கார வேணு? கேசட்டின் முதுகிலிருந்த இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் திருப்புளியால் உடைத்த பிறகுதானே ஜலீல் கொடுத்தான், இனிமேல் யாரும் ஒன்றும் செய்ய முடியாது, பூட்டின மாதிரி என்று மஸூதாவிடம் சத்தியம் வேறு செய்திருந்தான்... மடையன், பல் போனால் அந்தக் கேசட்டில்தான் பதிய முடியாது, அதைப் பாடவிட்டு வேறு கேசட்டில் பதிந்தால் எது தடுக்கும்? போனதும் முதல் வேலை அதைப் பிடுங்கி, நாடாவை உருவி எறிய வேண்டும்.

தோணி தள்ளும் தேசப்பன் கூடவே பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தான், அவன் வாயை யார் மூடுவது.

“இன்னா பாய், மூஞ்சிய அப்படி வச்சினுகீற? நல்ல பாட்டு. தோணிரேவு கரையிலகூட இதான் ஓடுது. சுண்ணாம்புக்குளத்துல என் மச்சான் ஒண்ணு வச்சிகீறான்.”

சுண்ணாம்புக்குளத்திலா... மஸூதாவை நிச்சயம் செய்திருப்பதே அந்த ஊர் மாப்பிள்ளைக்குத்தானே, எத்தனை கேசட்டைப் பிடுங்குவது, எந்தெந்த வீட்டில் ஏறுவது, பாவி வேணு, பாவி... ஆனால் அன்றைக்கு விஷயம் தெரிந்ததும் மஸூதா அண்ணனிடம் என்ன சொன்னாள், “அழிச்சிடு காக்கா, என் கண்ணு முன்னால அழிச்சிடு”, அவன் கேட்காததால் மறுநாள் அவளே அழிக்கப் பார்த்து, பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள், அது அமுங்கவில்லை, அழுதாள், அப்போதுதான் அந்தச் சத்தியத்தைச் செய்தான். பற்களை அவன் அதற்கு முந்தின நாள் சாயங்காலமே உடைத்திருந்தான். வேணு அப்போது கேசட்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அப்படியென்றால் யாருக்குப் பயந்து உடைத்தான்?

பாட்டு முடிந்தது. அதன் கடைசியில் மருதாணி வீட்டுச் சுராயா மாமியின் குரலும் பதிவாகியிருப்பது அவனுக்கு நினைவு வந்தபோது, அந்தக் குரல் தண்ணீரைத் தாண்டி வந்துவிட்டது. “மஸூதா, இன்னொண்ணு பாடு புள்ளே.”

தேசப்பன் கழியை ஊன்றி நின்றான். “மஸூதாவா? யாரு பாய் அது, உங்க தெருப் பொண்ணா?”

அடுத்த பாட்டு தொடங்கியது.